மூர்த்தி கார்டில் ஐந்து விக்கெட்

ஓசூர்
18.8.2024

அன்புள்ள லிபி,

நான் நலம். அம்மாவும் நலம், முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். உனக்கு அங்கே வயிறு நிறையச் சோறு போடுகிறார்களா, இல்லை ஜெபம்தான் அதிகமா? கடிதங்களை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் உன்னிடம் தருவார் என்றாய். எனவே மதருக்கும் என் வணக்கம்.

தபால் நிலையத்தில் இன்லண்டு லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்குப்பா, ஜெயிலுக்கா?" என்றார். "மடத்துக்கு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தார். மதர் மன்னிக்கவும்.

ஒரு செய்தி. எச்.ஆர். இளம்பரிதி சார் என்னைக் கூப்பிட்டார். நான்கு வருடமாக நான் கான்ட்ராக்டில் இருக்கிறேன், ஒருநாள்கூட அந்த அறையின் ஏசிக் காற்று என்மேல் பட்டதில்லை. கேன்டீனுக்குப் பின்னால் நான் பந்து போட்டதை எங்கோ பார்த்திருக்கிறார். "ரெக்ஸு, ஜனவரியில கம்பெனிகளுக்கு நடுவுல கோப்பை நடக்குது. அத மட்டும் அடிச்சுக் குடு. ஏப்ரல் பர்மனெண்ட் லிஸ்ட்ல உன் பேரு இருக்கும், நான் சொல்றன்ல" என்றார். பர்மனெண்ட் ஆனால் அம்மா மாம்பழக் கூழ் ஆலைக்குப் போவதை நிறுத்திவிடலாம். அதை நினைத்தபடியே தலையாட்டிவிட்டு வந்தேன்.

நம் பட்டியலை மறந்துவிடாதே. உன்னை மடத்துக்கு ஏற்றிவிட வந்த அன்று, கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில், காலண்டர் தாளின் பின்பக்கம் தொடங்கினோமே. கிரிக்கெட்டை மாற்றிய பதினொரு பேர். அதிக ரன் எடுத்தவன் வேண்டாம். எவனுக்குப் பிறகு ஆட்டம் பழைய மாதிரி இல்லையோ, அவன்தான் வேண்டும். நீ பிராட்மேனை எழுதினாய். நான் கிரேஸை எழுதினேன், காசுக்கு ஆடாத கனவான் என்ற பெயரில் ஆடி, காசுக்கு ஆடினவர்களைவிட அதிகம் வாங்கிய தாடிக்காரன். மூன்றாவது பல்வாங்கர் பாலூ. இதில் பேச்சுக்கே இடமில்லை. புனேயில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தைப் பெருக்கி, அவர்களுக்கு நாள் முழுக்கப் பந்து போட்டவன். ஒருநாளும் அவன் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்கள் அணிக்கு ஆடினபோது, தேநீர் இடைவேளையில் அவனுக்கு மட்டும் வெளியே தனி மண்குவளை. அவன் எடுத்த விக்கெட் மட்டும் தீட்டில்லை. மத்தூரில் ஊர் டீமுக்கு நான் பந்து மட்டும் போட்டேனே, அதே கதை. நூறு வருடத்தில் குவளைதான் பிளாஸ்டிக் ஆனது.

நான்காவது ஆளை நீ சொல்.

உன் அண்ணன்,
ரெக்ஸ்

*

நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
1.9.2024

அன்பு அண்ணா,

இயேசுவின் சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் இருக்கட்டும். நான் சுகம். சோறு நிறையவே போடுகிறார்கள். காலை நாலரை மணிக்கு எழுப்புவதுதான் பிடிக்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு நொச்சித் தழை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடு. "போட்டாச்சு" என்று பொய் சொல்வாள், நம்பாதே.

மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். தபால்கார அம்மா சொன்னதில் பாதி உண்மை என்று சொல்லச் சொன்னார்.

நான்காவது, ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட். யார் என்று முழிப்பாய். உலகக் கோப்பை என்ற ஒன்றை முதலில் ஆடியது பெண்கள், 1973-இல். ஆண்கள் அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் ஆடினார்கள். அதை நடத்தவைத்த இங்கிலாந்து கேப்டன் இவள். உன் பந்துக்கெல்லாம் எட்டு வருடம் விக்கெட் கீப்பராக நின்றேன், ஒரு நாளாவது "லிபி நல்லா பிடிச்சா" என்று யாராவது சொன்னீர்களா? "ரெக்ஸு தங்கச்சி" என்றுதானே சொன்னீர்கள்?

பர்மனெண்ட் செய்தியைப் படித்ததும் சிற்றாலயத்துக்குப் போய் முழந்தாளில் நின்றேன். நான் இங்கே வந்தது உன் வார்த்தையை நம்பித்தான் அண்ணா. "அம்மாவ நான் பாத்துக்கறன், நீ போ" என்றாய். அது நிறைவேறும் நேரம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தக் கோப்பையில் பர்மனெண்ட் ஆட்கள் மட்டும்தான் ஆடலாம் என்று முன்பு நீயே எரிச்சலோடு சொல்லியிருக்கிறாய். இப்போது விதி மாறிவிட்டதா?

ஜெபத்துடன்,
லிபியா

*

ஓசூர்
22.9.2024

அன்புள்ள லிபி,

நலம். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். "கையா இது, இரும்புக் கம்பி" என்று திட்டினாள், அந்த அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

விதி மாறவில்லை. ஆள்தான் மாறுகிறான். ஸ்டோர்ஸில் மூர்த்தி என்று ஒருவர் இருக்கிறார், பர்மனெண்ட். ஓடினால் மூச்சு வாங்கும். அவருடைய அடையாள அட்டையில் என் போட்டோவை ஒட்டிவிட்டார்கள். மைதானத்தில் நான்தான் மூர்த்தி. அதே நேரத்தில் லைனில் ரெக்ஸும் வேலை பார்க்கிறான். கான்ட்ராக்டர் ஆள் முனீஸ்வரன் என் பெயரில் வருகை போட்டுவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிற புனிதர் யாரோ உண்டு என்று ஞாயிறு மறைக்கல்வியில் சொன்னார்களே, அதேபோல்தான்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. கான்ட்ராக்ட் பையன்களுக்குத்தான் ஓட உடம்பு இருக்கிறது.

மூர்த்தி நல்ல மனுசன், வீட்டில் தெலுங்கு பேசுவார். "டேய், என் பேரக் கெடுத்துடாதடா. வைடு போட்டன்னு பேப்பர்ல வந்தா வூட்ல என் பொண்டாட்டி சோறு போட மாட்டா" என்றார். பயிற்சியின்போது எல்லாரும் "மூர்த்தி, மூர்த்தி" என்று கத்துகிறார்கள், அப்போதுதான் பழக்கம் வருமாம். மூன்றாவது நாளிலேயே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அது கொஞ்சம் பிடிக்கவில்லை.

உன் ரேச்சலை ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து, லியரி கான்ஸ்டன்டைன். கறுப்பன் என்று அறை தர மறுத்த லண்டன் ஓட்டலைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தவன். ஆறு, ஃபிராங்க் வொரெல். மேற்கிந்தியத் தீவுகள் அணியில் ஓடினவர்களும் பந்து போட்டவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள், ஆனால் ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பன் ஒருவனைக் கேப்டன் ஆக்க 1960 வரை ஆயிற்று. அந்த ஒருவன் இவன்.

இப்படிக்கு,
மூர்த்தி (உன் அண்ணன் ரெக்ஸ்தான், பயப்படாதே)

*

திண்டுக்கல்
3.11.2024

அன்பு அண்ணா,

இறைவனின் ஆசி உங்களுக்குக் கிடைக்கட்டும். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது குணம். அம்மாவிடம் சொல்லாதே.

கான்ஸ்டன்டைன் என்றதும் மதர் அது உரோமைப் பேரரசன் என்று நினைத்து, "அவன் எப்போது கிரிக்கெட் ஆடினான்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். இப்போது அவரே ஆள் சொல்லத் தொடங்கிவிட்டார். கபில்தேவ் இல்லாமல் என்ன பட்டியல் என்கிறார். 1983-இல் அவர் பள்ளி மாணவியாம், பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டாராம். ஏழாவதாக மதரின் கபிலை எழுதிவிட்டேன். எட்டு, என்னுடையது: பாசில் டொலிவேரா. நிறத்தால் சொந்த நாட்டில் ஆட முடியாமல் இங்கிலாந்துக்குப் போனவர். இங்கிலாந்து அணியோடு திரும்பி வருவார் என்றதும் தென்னாப்பிரிக்கா தொடரையே வேண்டாம் என்றது. இரண்டு வருடத்தில் மற்ற நாடுகளும் விலகின, பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டோடு ஆட்டமே இல்லை.

அண்ணா, இவர்கள் எல்லோரும் தம் பெயரில் ஆடினார்கள். பாலூகூட. குவளை வேறாக இருந்தாலும் ஸ்கோர் புத்தகத்தில் பாலூ என்றுதான் எழுதினார்கள். நீ போகாதே என்று சொல்லவில்லை. இளம்பரிதி சொன்னதை எழுதி வாங்கினாயா?

ஜெபத்துடன்,
லிபியா

*

ஓசூர்
26.1.2025

அன்புள்ள லிபி,

எல்லாரும் நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, வெற்றி.

நான்கு ஆட்டம், பதினாறு விக்கெட். அரையிறுதியும் முடிந்தது. இனி பிப்ரவரி எட்டு, இறுதி ஆட்டம். எம்.டி. வருவார் என்கிறார்கள். கூட்டம் முழுக்க "மூர்த்தி... மூர்த்தி..." என்று ஒரே கூச்சல். மூர்த்தி ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். சின்னவள், "நைனா, யாரோ உன்ன கூப்பிடறாங்க" என்றாளாம். "பேசாம பாரு" என்று வாயைப் பொத்தினாராம்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவன் பந்தைக் கையில் எடுத்தால், மேசையில் இருக்கிற ஸ்கோரர் "பவுலர் பேரு?" என்று கத்துவார். போடப்போகிறவனே தன் பெயரைத் திருப்பிக் கத்த வேண்டும். முதல் ஆட்டத்தில் "ரெ..." என்று ஆரம்பித்து முழுங்கினேன். இப்போது தடங்கல் இல்லை.

எழுதி வாங்கினேனா என்று கேட்டாய். லிபி, எச்.ஆரிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்கிற கான்ட்ராக்ட்காரன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். வாய்வார்த்தைதான். ஆனால் தோளில் கை போட்டுச் சொன்னார்.

இடது கையால் சிலுவை போட்டதற்கு ஃபாதரிடம் அடி வாங்கினேனே, அந்தக் கைதான் இன்று நம்மைத் தூக்கிவிடப்போகிறது. அம்மாவுக்கு ஏப்ரலில் இருந்து ஆலை இல்லை. நான் அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்

*

திண்டுக்கல்
2.2.2025

அன்பு அண்ணா,

நீங்கள் இருவரும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். நானும் சுகம்.

எட்டாம் தேதி காலைத் திருப்பலியை உனக்காக ஒப்புக்கொடுக்கிறோம். யாருக்காகப் பூசை என்ற கருத்தைப் படிக்கிறவள் நான்தான். மூர்த்திக்காக என்று படிப்பதா, ரெக்ஸுக்காக என்று படிப்பதா? மதர் ஆண்டவருக்கு ஆள் தெரியும் என்கிறார்.

ஒன்பதாவது ஆளை உடனே எழுது. மே 24 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக உறுதி எடுக்கும் நாள். அதற்குள் பட்டியல் முடிய வேண்டும்.

லிபியா

*

ஓசூர்
20.3.2025

அன்புள்ள லிபி,

நலம். அம்மா நலம்.

கோப்பையை ஜெயித்தோம். ஐந்து விக்கெட். கடைசி விக்கெட் என் பந்தில் நானே பிடித்தது. பட்டாசு வெடித்தார்கள். மட்டன் பிரியாணி போட்டார்கள்.

வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை.

ஒன்பது, மன்சூர் அலி கான் பட்டோடி. கார் விபத்தில் ஒரு கண் போயிற்று. சில மாதத்தில் இந்தியாவுக்கு ஆடினான். இருபத்தொரு வயதில் கேப்டன். ஒரு கண்ணால் பந்து இரண்டாகத் தெரியுமாம், எதை அடிப்பது என்று அவனே பழகிக்கொண்டானாம். ஒன்று போனாலும் ஆடலாம் என்று காட்டினவன்.

பத்தாவதை நீ எழுது.

ரெக்ஸ்

*

திண்டுக்கல்
6.4.2025

அன்பு அண்ணா,

சமாதானம் உண்டாகட்டும். இங்கே வெயில் தாங்கவில்லை. அங்கே எப்படி?

பத்து, ஷேன் வார்ன். 1993-இல் இங்கிலாந்துக்கு எதிராக அவன் அங்கே போட்ட முதல் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்தது. அதுவரை சுழல்பந்து செத்துவிட்டது என்றார்கள். இதை நீ எழுதியிருக்க வேண்டும். ஒன்றிரண்டு பக்கம் எழுதியிருப்பாய். ஐந்து விக்கெட் எடுத்த ஆட்டத்தை ஐந்து வரியில் முடித்திருக்கிறாய். நீ ஒரு கேட்ச் பிடித்தாலே மூன்று நாள் சோறு தின்னவிடாமல் பேசுகிறவன்.

உன் எழுத்தும் வேறு மாதிரி இருக்கிறது. எப்போதும் இடப்பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் வலப்பக்கம் சாய்கிறது, அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல. என்ன ஆயிற்று?

பட்டோடியை ஏன் நினைத்தாய்?

இன்னொன்று. வார்த்தைப்பாட்டுக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் உழைப்பை நம்பி வீட்டில் யாரும் இல்லை என்று. வீட்டிலிருந்தும் ஒரு கடிதம் கேட்கிறார்கள். அப்பா இல்லாததால் நீதான் தர வேண்டும். மதர் தெளிவாகச் சொன்னார்: "வீட்டுக்கு நீ தேவையென்றால் போ, அதில் பாவம் இல்லை. தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் தப்பு." உள்ளதை எழுது அண்ணா.

லிபியா

*

ஓசூர்
14.4.2025

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கும் அன்புத் தங்கை லிபியாவுக்கும்,

எல்லாரும் மிக்க நலம். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மா மேரிராணியை நான் கடைசி வரை பார்த்துக்கொள்வேன். லிபியாவின் உழைப்பை நம்பி வீட்டில் யாரும் இல்லை. இதுவே என் சம்மதக் கடிதம்.

லிபி, ஓடும் பஸ்ஸில் வைத்து எழுதினேன், அதனால்தான் எழுத்து அப்படி. இதுவும் பஸ்தான். புதிதாகப் பர்மனெண்ட் ஆனவர்களுக்கு ஆறு மாதம் லீவு கிடையாது. மே 24 அன்று அம்மா மட்டும் வருவாள். கோபிக்காதே.

இப்படிக்கு,
ரெக்ஸ்

*

திண்டுக்கல்
6.7.2025

அண்ணா,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்று எழுதுவாய்.

ஜூன் மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் மதர் படிக்கக் கூடாத வார்த்தைகள் வந்திருக்கும். வார்த்தைப்பாடு முடிந்ததால் இப்போது என் கடிதங்களை யாரும் பிரிப்பதில்லை.

அம்மா அன்று ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றியிருந்தாள். எல்லாம் வழக்கமான கிழிசல் தாள்கள். ஒரு காயில் மட்டும் முழுத் தாள், நான்காக மடித்துச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. "இத நீயே பிரிச்சுச் சாப்பிடு, ஆருக்கும் குடுக்காத" என்றாள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தேன். மாவட்டப் பக்கம், பிப்ரவரி 17. கோப்பையோடு உங்கள் அணி. பின்வரிசையில் நீ. உன் இடது கை முழங்கை வரை கட்டு. கீழே எழுதியிருந்தது: "இறுதி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் வீழ்த்திய மூர்த்தி (பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது)."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருப்பாய். அவள் வாய் திறக்கவில்லை. வார்த்தைப்பாட்டுப் பூசையில் முழு நேரமும் அழுதாள். நான் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத் தொலைபேசியில் உங்கள் கம்பெனிக்குப் பேசினேன். ரெக்ஸ் என்று யாரும் பர்மனெண்டில் இல்லை என்றார்கள். கான்ட்ராக்டிலும் மார்ச்சுக்குப் பிறகு இல்லையாம்.

நான் தாளில் கையெழுத்துப் போட்டேன் அண்ணா. பீடத்தின்மேல் வைத்து. உன் கடிதத்தை அதோடு சேர்த்துக் குத்தியிருக்கிறார்கள். எனக்கு நல்லது செய்ததாக நினைத்திருப்பாய். இளம்பரிதி உன்னிடம் என்ன செய்தான்? மூர்த்தி என்ற பெயரை உன்மேல் ஒட்டி உன்னை ஆடவிட்டான். நீ என்ன செய்தாய்? என் பெயரை எடுத்துக்கொண்டு நீயே ஆடிவிட்டாய். என்னைக் கேட்கவில்லை.

பட்டியலை முடித்துவிட்டேன். பதினொன்று: மூர்த்தி. ஐந்து விக்கெட்.

என் வார்த்தைப்பாடு ஓராண்டுக்குத்தான். அடுத்த மே மாதம் புதுப்பிக்க வேண்டும், அல்லது வீட்டுக்கு வரலாம். போன் செய்யாதே. போனில் சிரித்து மழுப்புவாய். எழுது. உண்மை எழுத வரும்போது எழுது.

லிபியா

*

குந்தாரப்பள்ளி
8.2.2026

அன்புள்ள லிபி,

அம்மா நலம் இல்லை. நானும் பாதிதான். நீ நலமாக இருந்தால் போதும் என்று எழுத நினைத்தேன், அது பழைய மாதிரி ஆகிவிடும். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்கிறேன்.

ஏழு மாதம் ஆயிற்று. இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன்.

கடைசிப் பந்து நேராக என்மேல் வந்தது. பிடித்துவிட்டேன். இடது ஆள்காட்டி விரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. எல்லாரும் என்மேல் ஏறி விழுந்து, "மூர்த்தி, மூர்த்தி" என்று கத்தினார்கள். வலியில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கம்பெனி காரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்சூரன்ஸ் மூர்த்தி பெயரில். விரலில் கம்பி வைத்தார்கள், அதுவும் மூர்த்தி பெயரில். எக்ஸ்ரேயில், சீட்டில், மாத்திரைக் கவரில், எங்கும் மூர்த்தி. மூன்று வாரம் கழித்துக் கம்பியை எடுக்க வரச் சொன்னார்கள். இளம்பரிதி, "மறுபடி அந்தக் கார்டத் தூக்கினு போவாத. ஆடிட்ல மாட்டிப்போம். வேற எங்கனா எடுத்துக்க" என்றார். வேறு இடத்தில், யார் வைத்தது, சீட்டு எங்கே என்று கேட்டார்கள். சீட்டில் இருந்த பெயர் நான் இல்லை. அலைந்து எடுப்பதற்குள் ஏழு வாரம். விரல் கட்டையாகிவிட்டது. இனி மடங்காது.

ஒற்றைக் கையோடு லைனில் நின்றேன். முனீஸ்வரன் சொன்னார்: "தம்பி, லைனுக்கு ரெண்டு கை வேணும். நீ ஒண்ணரக் கையோட வந்து நிக்கற."

"அடிபட்டது கம்பெனிக்காக ஆடும்போதுண்ணா."

"எட்டாம் தேதி நீ லைன்ல இருந்த. நான்தான வருகை போட்டன்? அன்னிக்கு லைன்ல யாருக்கும் அடிபடல."

ஏப்ரல் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. விளையாட்டுக்காக ஒருவருக்கு மட்டும் கிரேடு உயர்த்தியிருந்தார்கள். மூர்த்திக்கு. அவர் என் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார். "நான் கேக்கலடா, சத்தியமா கேக்கல. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் மதர் கேட்ட கடிதத்தை எழுதினேன். நீயாவது கேட்டுக்கு உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ எழுதியது சரி. உன்னைக் கேட்கவில்லை.

இப்போது குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு ஏற்றுகிறேன். பலகையில் ஏற மறுக்கிற மாட்டை வாலை முறுக்கி ஏற்ற வேண்டும். அதற்கு ஆள்காட்டி விரல் தேவையில்லை. அம்மா மறுபடி கூழ் ஆலைக்குப் போகிறாள். சீசன் இல்லாத நாளில் செங்கல் சூளை.

ஜனவரியில் இளம்பரிதி சந்தைக்கே காரில் வந்தார். செருப்பில் சாணி படாமல் குதித்துக் குதித்து வந்தார். "கை எப்படி ரெக்ஸு? இந்த வருசமும் வந்துடு. இந்தத் தடவ கண்டிப்பா லிஸ்ட்டு" என்றார். மூர்த்தி கார்டைத் தர மறுத்துவிட்டாராம். அந்த மனுசனால் முடிந்தது அவ்வளவு. "கோவிந்தப்பன் கார்டு ரெடி பண்ணிட்டன்" என்றார் இளம்பரிதி. கோவிந்தப்பன் கேன்டீனில் சாம்பார் கரண்டி பிடிக்கிறவர், ஐம்பத்துநான்கு வயது.

ஏன் போனேன் என்று கேட்பாய். விரல் மடங்காமல் போன பிறகு, சுவரில் போட்டுப் பார்த்திருந்தேன். அதே ஓட்டம், அதே கை, ஆனால் பந்து திரும்பாமல் நேராகச் சறுக்கிப் போகிறது. எந்த மட்டைக்காரனும் ஏமாறுவான். அதைப் போட்டுப் பார்க்க ஆசை. "கண்டிப்பா லிஸ்ட்டு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் நம்பவும் செய்தேன். அதையும் மறைக்கவில்லை.

போன ஞாயிறு முதல் ஆட்டம். ஐந்தாவது ஓவரில் பந்தை என்னிடம் கொடுத்தார்கள். ஸ்கோரர் கர்நாடகப் பக்கத்து ஆள். குடைக்கு அடியிலிருந்து கத்தினார்: "பவுலர் ஹெசரு ஏனப்பா?"

"ரெக்ஸ்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "ரெக்ஸ் இல்ல. கோவிந்தப்பன்னு இருக்கு."

"கோவிந்தப்பன் கேன்டீன்ல இருக்கார். நான் ரெக்ஸ். மத்தூர். இந்தக் கம்பெனி ஆளே இல்ல."

மைதானமே நின்றுவிடும், அணியைத் தூக்கி வெளியே போடுவார்கள் என்று நினைத்தேன் லிபி. ராத்திரியெல்லாம் அதற்குத்தான் தயாராகிவந்தேன். அம்பயர் என் பக்கத்தில் வந்தார். "ஏம்பா, புதுசா ஆடறியா? எல்லா டீம்லயும் இதான். எதிர் டீம்ல கீப்பர் யார் தெரியுமா, தோட்டக்காரர் பேர்ல ஆடறான். போ, வெயில் ஏறுது, பந்தப் போடு" என்றார். எதிர் அணி கேப்டன் சிரித்தான். யாரும் புகார் செய்யவில்லை. ஸ்கோரர், "கார்டுல என்ன பேரோ அதத்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு எழுதினார். கோவிந்தப்பன். நான் பார்க்கப் பார்க்க எழுதினார்.

பந்தை அந்த மேசைமேல் வைத்தேன். "அப்ப கோவிந்தப்பன வரச்சொல்லுங்க. அவரே போடட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து இளம்பரிதி, "ரெக்ஸு! டேய் ரெக்ஸு!" என்று கத்தினார். அந்த மைதானத்தில் என் பெயரை முதல்முறையாக அப்போதுதான் கேட்டேன். நான் திரும்பவில்லை.

பட்டியலில் பதினொன்றாவது இடத்தில் மூர்த்தியை அடித்துவிடு. கோபத்தில் எழுதினாய், அவர் அதற்குத் தகுதியான ஆள் இல்லை. ஆனால் என்னையும் எழுதாதே. நான் எதையும் மாற்றவில்லை. வேலிக்கு வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன், என் ஓவரை வேறு ஒரு பையன் போட்டுக்கொண்டிருந்தான். கூட்டம் அவனை "கோவிந்தப்பா, கோவிந்தப்பா" என்று கூப்பிட்டது. மூன்றாவது பந்தில் விக்கெட் விழுந்தது.

இனி அந்தக் கேட் எனக்குத் திறக்காது. மே மாதம் உன்முன் மறுபடி தாள் வைப்பார்கள். உள்ள நிலவரம் இதுதான்: அம்மா விடியற்காலை ஐந்து மணி வண்டிக்குப் போகிறாள், படி ஏற முடியவில்லை. எனக்குச் சந்தை நாளில் மட்டும் நிச்சய வேலை. உன் சம்பாத்தியம் வீட்டுக்கு வேண்டும். நீ வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் நான் கொடுத்த கடிதம் பொய் என்று மதரிடம் இதைக் காட்டு.

வலது கையால்தான் எழுதுகிறேன். பஸ்ஸில் இல்லை.

இப்படிக்கு,
ஜெ. ரெக்ஸ்
தந்தை பெயர் ஜெபராஜ்
காலனித் தெரு, மத்தூர்